கேள்விக்காரி சொல்லாமல் இருந்த ஐந்து வருஷம்

எங்கள் ஆய்வு மையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேள்விக்காரி என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். வீடு வீடாகப் போய், வயதானவர்களிடம் ஓய்வூதியம் பற்றிக் கேள்வி கேட்டு, பதில்களைத் தாளில் குறித்துக்கொண்டு வருவது அவள் வேலை. அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. இருபத்தொரு வருஷம் எதிரெதிர் மேசை. என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆனால் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்ததால் நான் அவளை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டாள். "அக்கா கிக்கான்னு சொல்லி என்னைக் கிழவியாக்கிடாதே" என்பாள்.

மையத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு வயிறு எரியும். வயதான காலத்தில் மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், அரசு அவர்களை எப்படித் தாங்க வேண்டும் என்று நாள் முழுக்க ஆராயும் இடம் அது. சுவர் முழுக்க வரைபடங்கள். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் பதினோரு மாத ஒப்பந்தம். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு மாதம் வீட்டில் உட்கார வைப்பார்கள். பிறகு புதிய ஒப்பந்தம். தொடர்ந்து ஒரு வருஷம் வேலை பார்த்தவருக்குத்தான் ஓய்வூதிய உரிமை என்று சட்டம். இருபத்தொரு வருஷத்தில் நாங்கள் ஒரு வருஷம்கூடத் தொடர்ந்து வேலை பார்க்காதவர்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பதை இதைவிட அழகாக யாரும் சுவரில் மாட்ட முடியாது.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவள் மாதம் ஒரு முறை வந்து, அப்பாவின் கட்டிலைத் துடைத்து, அம்மாவைத் திட்டிவிட்டுப் போவாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். அண்ணி கெட்டவள் இல்லை. சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. ஆனால் தட்டை வைக்கும்போதே, "உனக்குன்னு ஒரு பென்ஷன் வந்துட்டா உனக்கும் மரியாதை, எங்களுக்கும் நிம்மதி" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவள் நான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. அரசிடம் ஒரு திட்டம் இருந்தது. வீட்டில் நோயாளியையோ முதியவரையோ பல வருஷம் பார்த்துக்கொண்டதால் வேலைக்குப் போக முடியாமல் போனவர்களுக்கு, அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு ஓய்வூதியம். நல்ல திட்டம். ஆனால் தகுதி உள்ளவர்களில் பாதிப் பேர் விண்ணப்பிக்கவே இல்லை. ஏன் விண்ணப்பிக்கவில்லை? இதுதான் ஆய்வு. தகுதி இருந்தும் வாங்காத அறுநூற்று நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து, வருஷம் ஒரு முறை அதே வீட்டுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கேள்விக்காரிக்கு நூற்று இருபத்தெட்டு வீடுகள்.

விதிப்புத்தகத்தில் ஒன்பதாவது விதி இப்படி இருந்தது: பதில் சொல்பவரிடம் திட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் விண்ணப்பித்துவிடுவார், ஆய்வு கெட்டுப்போகும். ஒவ்வொரு தாளின் கீழேயும், "நான் எந்தத் தகவலும் தரவில்லை" என்ற வரிக்கு நேராக அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் வருஷமே அவள் ஆய்வை நடத்திய பேராசிரியரிடம் போய்க் கேட்டாள். நானும் கூட நின்றேன்.

"சார், அந்த மனுஷங்களுக்கு வர வேண்டியது சார். ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

பேராசிரியர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "நீங்க சொன்னா நூத்தி இருபத்தெட்டுப் பேரு வாங்குவாங்கம்மா. சொல்லாம இருந்து, ஏன் வாங்கலைன்னு நாம நிரூபிச்சா, அரசாங்கமே வீடு தேடிப் போய்க் குடுக்கும். லட்சக்கணக்கான பேரு. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அதை நம்பினோம். எனக்கு இப்போதும் அவர் சொன்னதில் தப்பு எது என்று விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை.

அவள் வீடுகளில் ஒன்றின் ஆய்வு எண் இருநூற்றுப் பன்னிரண்டு. சைக்கிள் பாகங்கள் விற்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. அங்கே ஒரு அம்மாள், பக்கவாதம் வந்த தம்பியைப் பத்தொன்பது வருஷம் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டி வளர்த்தவர். வளர்த்தவர் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தம்பி குழந்தைபோல ஆகியிருந்தார். முப்பத்தொன்றாவது கேள்விக்கு அந்த அம்மாள் வருஷா வருஷம் ஒரே பதில்தான் சொல்வார். கேள்வி: "கடந்த ஆண்டு ஏதாவது ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தீர்களா? இல்லையென்றால் ஏன்?" பதில்: "எனக்கு எதுக்கும்மா!"

நம் ஜனங்களின் வாயில் முதலில் வருவது இதுதானே. விருந்தாளியிடம் டீ குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம் என்பார். இரண்டாவது முறை கேட்டால் சரி என்பார். மூன்றாவது முறை தம்ளரை நீட்டுவார். ஆனால் விதிப்புத்தகம் எழுதியவர்களுக்கு இரண்டாவது முறை கேட்பது பிடிக்காது. முதல் பதிலை மட்டும் குறிக்க வேண்டும், தோண்டித் துருவக் கூடாது. "எனக்கு எதுக்கும்மா" என்றால் எண் நான்கு. நான்கு என்றால் "தேவையில்லை". அவள் தாளில் நான்கு என்று எழுதினாள். நான் கம்ப்யூட்டரில் நான்கு என்று அடித்தேன். பக்கம் பக்கமாக நான்கு. விரல் அந்தச் சாவிக்குத் தானாகவே போகும்.

ஒரு முறை நானே சொன்னேன், "ஏய், இவங்க எல்லாரும் வெக்கத்துல சொல்றாங்க. நமக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரியும்னு ஒரு எண் இருந்தா குடு, எழுதறேன்" என்றாள்.

ஐந்தாவது வருஷம் அறிக்கை வெளியானது. விண்ணப்பிக்காதவர்களில் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் "தேவையில்லை" என்று சொன்னதாக எட்டாம் பக்கத்தில் ஒரு பெரிய வட்டப்படம். நலத்திட்டங்களைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட அரசுக் குழு அந்த வட்டத்தைத் தூக்கி முதல் பக்கத்தில் போட்டுக்கொண்டது. மக்களே தேவையில்லை என்கிறார்களாம். ஆகவே திட்டத்தைப் புதியவர்களுக்கு மூடிவிடுகிறார்களாம். ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்குத் தொடரும், ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கும் உண்டு. அதற்கு மேல் கிடையாது.

பேராசிரியர் முகம் செத்துப்போனது. உண்மையாகவே துடித்துப்போனார். அன்றைக்கே உட்கார்ந்து அறிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆய்விதழ் அதை ஏற்றுக்கொண்டது. எட்டு மாதத்தில் வெளிவரும் என்றார்கள்.

"அப்போ இப்பவாவது வீடுங்களுக்குச் சொல்லிடலாமா சார்?" என்று கேள்விக்காரி கேட்டாள்.

"கடைசிச் சுற்று இன்னும் முடியலையேம்மா. மூடப்போற நேரத்துல ஜனங்க என்ன செய்யறாங்கன்னு பாக்கறது ரொம்ப முக்கியம். ஒன்பதாவது விதி அப்படியேதான் இருக்கு." பிறகு குரலைத் தணித்து, "உங்க ரெண்டு பேரையும் நிரந்தரமாக்கற பட்டியல் அடுத்த மாசக் கடைசியில கையெழுத்தாகுது. எதுவும் கலையாம பாத்துக்குங்க" என்றார்.

இருபத்தொரு வருஷம் காத்திருந்த பட்டியல். அன்றைக்கு அண்ணியிடம் சொன்னேன். எனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டாள்.

அந்த வாரம் கேள்விக்காரி கடைசிச் சுற்றுக்காக இருநூற்றுப் பன்னிரண்டாம் வீட்டுக்குப் போனாள். தம்பி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாளுக்கு எழுபத்தொரு வயது. பக்கத்துக் கட்டிடத்தில் ஐந்து மாடிப் படிகளையும் கழுவிவிடும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்ததாம். கேள்விக்காரி முப்பத்தொன்றாவது கேள்வியைக் கேட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா! நான் என்ன வேலையா பாத்தேன்? பத்தொன்பது வருஷம் வீட்ல சும்மாதானே இருந்தேன்."

அந்த "சும்மா"தான் அவளை உடைத்துவிட்டது. நாற்காலியில் இருந்து எழுந்து, தாளை மடித்துப் பைக்குள் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டத்தின் பெயர், எந்த அலுவலகம், எந்தச் சன்னல், எந்தத் தேதிக்குள், என்னென்ன சான்று. அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாராம். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"உங்களுக்கு இது எப்போலேருந்து தெரியும்மா?"

"முதல் நாள்லேருந்து தெரியும்."

"சரி. இப்பவாவது சொன்னீங்களே" என்று சொல்லி, டீ போட உள்ளே போனாராம்.

மறுநாள் மேசையில் இதை என்னிடம் சொல்லும்போது அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். "திட்டியிருந்தா நிம்மதியா வந்திருப்பேன்டி. டீ குடுத்துட்டாங்க." அந்தத் தாளின் கீழே, "நான் எந்தத் தகவலும் தரவில்லை" என்ற வரியில் அவள் கையெழுத்து இருந்தது. நான் பார்த்தேன். எண்களை அடித்து முடித்துத் தாளை அடுக்கில் வைத்தேன்.

நன்றி என்பது ஆளைக் கொல்லும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஆய்வில் இருப்பவர்கள் யாராவது விண்ணப்பித்தால், ஓய்வூதிய அலுவலகம் அந்த விண்ணப்பத்தின் நகலை எங்களுக்கு அனுப்பும். மூன்றாவது வாரம் இருநூற்றுப் பன்னிரண்டின் நகல் வந்தது. பதினேழாவது கட்டத்தில், "இத்திட்டத்தைப் பற்றி யார் மூலம் அறிந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி. எல்லோரும் அதைக் காலியாக விடுவார்கள், அல்லது அக்கம்பக்கம் என்று எழுதுவார்கள். அந்த அம்மாள், வலிக்கும் கையால் கோணல்மாணலாக, கட்டத்துக்கு வெளியிலும் வழிய எழுதியிருந்தார்: "வருஷா வருஷம் கேள்வி கேட்க வரும் அம்மா சொன்னார். தங்கமானவர். அவருக்கு அரசாங்கம் ஏதாவது நல்லது செய்ய வேண்டும்."

அந்தத் தாளை அடித்தது நான்.

அடிக்காமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என்னையே நான் ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. எங்கள் வேலையில் ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். அடுத்த அறைக்காரர் அடித்ததும் நான் அடித்ததும் ஒன்றாக இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டும். காட்டினால் தாளை எடுத்துப் பேராசிரியர் முன்னால் வைப்பார்கள். நான் "அக்கம்பக்கம்" என்று அடித்திருந்தால் அவளோடு சேர்ந்து நானும் போயிருப்பேன். அடுத்த அறைக்காரரிடம் போய்க் கெஞ்சியிருக்கலாம். அதற்கும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. எதிர் மேசையில் அவள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு அடித்தேன். "நேர்காணல் செய்தவர்" என்பதற்கு எண் ஒன்பது.

இரண்டு நாளில் அவளைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பொய்க் கையெழுத்து, விதிமீறல், ஒப்பந்தம் ரத்து. பேராசிரியர் அறையிலிருந்து கண் சிவந்து வெளியே வந்தார். அவள் கண் வறண்டிருந்தது. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, "நீ பத்திரமா இரு" என்று மட்டும் சொன்னாள். தாளை யார் அடித்தது என்று அவள் கேட்கவில்லை. அந்த அறையில் தாள் அடிப்பது யாரென்று அவளுக்குத் தெரியாதா என்ன.

திட்டம் மூடப் பதினாறு நாள் இருந்தது. இனி அவளைக் கட்டிவைக்க ஒன்றுமில்லை, ஓடி ஓடிச் சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். ஓடினாள். ஆனால் கதவுகள் திறக்கவில்லை. அட்டை இல்லாமல், ஆய்வுப் பை இல்லாமல் ஒரு பெண் வந்து நின்று, உங்களுக்கு ஓய்வூதியம் உண்டு, பிறந்த தேதிச் சான்றையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றால் இந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்? சிலர் மையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி என் மேசையில் ஒட்டியிருந்தார்கள். "அவர் இப்போது எங்களிடம் பணியில் இல்லை. அவரிடம் எந்த ஆவணமும் தர வேண்டாம்." ஐந்து பேருக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஐந்தாவது முறை படிக்கும்போது தாளைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

திட்டம் மூட ஐந்து நாள் இருக்கும்போது அவள் வீட்டுக்குப் போனேன். கணவரைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் தோளைப் பிடி" என்றாள். பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் புரட்டினோம். பிறகு சமையலறையில் தரையில் உட்கார்ந்தோம்.

"அந்தத் தாளை நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடு. நானும் அஞ்சு வருஷம் கையெழுத்துப் போட்டவதானே. நான் யாரைக் கேக்கறது?" ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். "எல்லா வீடும் வேண்டாம்னு விட்டுட்டேன். பதினாலு வீடு. துணைக்கு ஆள் இல்லாதவங்க, படுத்துட்டவங்க. பஸ் எப்படி மாறணும்னுகூட எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்."

"லெட்டர் போட்டுடலாமே. பேரில்லாம."

"பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. மீதிப் பேரு மொட்டைக் கடுதாசியை நம்ப மாட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது கழுத்துல அட்டை தொங்கற ஒரு ஆளு." என் அட்டையைப் பார்த்தாள். அலுவலகத்திலிருந்து நேராக வந்ததால் கழற்ற மறந்திருந்தேன். "நீ பேசவே வேண்டாம். நான் பேசறேன். நீ பக்கத்துல நின்னா போதும்டி."

"எனக்கு வெள்ளிக்கிழமை ஆர்டர் கையெழுத்தாகுது."

"தெரியும்."

"யாராவது ஒருத்தர் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டா?"

"பண்ணினா நீதானே எடுப்ப?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பயமா இருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றாள்.

"வரேன்" என்றேன். "காலைல ஏழு மணிக்கு. உன் பஸ் ஸ்டாப்புக்கே வந்துடறேன்."

அப்போது மனதாரத்தான் சொன்னேன். காலையில் அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டும். அதற்காகத் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணி கீழேயிருந்து, "இன்னும் மூணு நாள்தானே? நல்லபடியா முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பாத்திரத்தை நீட்டினாள். தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். என் அலுவலகப் பஸ் அவள் நிறுத்தத்தின் வழியாகத்தான் போகும். அங்கே இறங்கிக்கொள்ளலாம், இறங்கிய பிறகு அலுவலகத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஏழு மணிக்கு நிறுத்தம் வந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். குளித்து, தலையை இறுக்கி வாரி, இருப்பதிலேயே நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் நோட்டுப் புத்தகம். கதவு திறந்தது. நாலைந்து பேர் இறங்கினார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, சன்னல்களைப் பார்த்தாள். என்னைக் கண்டுபிடித்தாள். என் ஒரு கை முன் இருக்கையின் கம்பியில் இருந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று எனக்குள்ளேயே கத்தினேன். கை கம்பியை விடவில்லை, உடம்பும் எழவில்லை.

பஸ் நகர்ந்தது. அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன், வந்திருந்தால் ஒருவேளை இறங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, போ போ என்று கையைக் காட்டினாள். பிறகு நோட்டைப் பிரித்து முதல் வீட்டுக்கு எந்தப் பஸ் என்று பார்த்துக்கொண்டு, சாலையைக் கடக்கத் திரும்பினாள்.